இரண்டு சொட்டு உபசாரம்

பந்திக்காரரின் மனைவி நல்ல நிலையில் இருந்த காலத்தில் ஒரே மூச்சில் தொண்ணூற்று நான்கு விநாடி திட்டுவார். இது வாய்க்கு வந்த கணக்கு அல்ல. அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர் இருந்தார். அவர் கையில் எந்நேரமும் ஏதாவது ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். கீழ்ப்படியில் திட்டு தொடங்கியதும் முள்ளைத் தட்டிவிடுவார்; மூன்றாம் மாடியில் கதவு சாத்தியதும் நிறுத்துவார். தொண்ணூற்று நான்கு. நடுவில் ஒரு காற்புள்ளிகூடக் கிடையாது. ஒருமுறை திட்டு நடந்துகொண்டிருந்தபோது அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிய மறந்து, விளிம்பிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்ததாகவும் அவர் சொல்வதுண்டு. பால் விஷயத்தில் அவர் சற்றுக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். விநாடி விஷயத்தில் பொய் சொல்ல மாட்டார். தொழில் அப்படி.

இப்போது பதினொரு விநாடி.

அந்த அம்மாள் தலையணை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். வருஷக்கணக்கில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்ததில், மூச்சுக்குழல் சம்பந்தி வீட்டார் மாதிரி ஆகிவிட்டது. சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபித்துக்கொண்டு இறுகிக்கொள்ளும். ஆஸ்துமா என்றார் டாக்டரம்மா. வாயில் வைத்து மருந்தை மூச்சோடு இழுக்கும் இரண்டு பம்பு எழுதிக் கொடுத்தார். நீல பம்பு, திணறும்போது மட்டும். பழுப்பு பம்பு, காலையும் மாலையும் தவறாமல். இழுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். நீலத்தை இழுத்தால் ஐந்து நிமிடத்தில் நெஞ்சு திறந்தது. ஆகவே அது கைப்பைக்குள் இடம் பிடித்தது. பழுப்பை இரண்டு நாள் இழுத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அது அலமாரியில் பொம்மைக்குப் பக்கத்தில் இன்னொரு பொம்மையாக நின்றது.

"ஒரு பொருள் வேலை செஞ்சா செஞ்சேன்னு காட்டணும்," என்றார் அம்மாள். "இது உள்ள போயி சத்தமே இல்லாம உக்காந்துக்குது. வீட்டுல ஏற்கெனவே அப்படி ஒருத்தர் இருக்காரு. போதும்."

அந்த ஒருத்தர்தான் பந்திக்காரர். முப்பத்தோரு வருஷ இல்லறத்தில் அவர் ஒரு சண்டையிலும் ஜெயித்தது கிடையாது. இப்போது வாரத்துக்கு நான்கு ஜெயிக்கிறார். முதல் வெற்றி படிக்கட்டில் கிடைத்தது. மனைவி பாதி வாக்கியத்தோடு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். மீதி வரவில்லை. அடுத்து என்ன வார்த்தை என்று பந்திக்காரருக்கு மனப்பாடம்.

"மரமண்டைன்னு சொல்ல வந்தியா?" என்று எடுத்துக்கொடுத்தார்.

அம்மாள் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். அன்று பந்திக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன்னைத் திட்ட வந்த வார்த்தையைத் தானே சொல்லிக்கொள்ளும் நிலைமை எந்தப் புருஷனுக்கும் வரக் கூடாது.

பந்திக்காரர் என்ற பெயர் வந்தது இப்படி. இருபத்தாறு வருஷம் ஒரு பெரிய மாணவர் விடுதியின் உணவுக்கூடத்தில் பரிமாறினார். கரண்டி கையில் இருந்தால் ஆளுக்கு ஆள் ஒரு பருக்கை கூடாது, குறையாது. உறவுக்காரனுக்கு ஒரு கரண்டி, ஊர்க்காரனுக்கு அரைக் கரண்டி என்ற பந்தி வஞ்சனை அவர் கை அறியாதது. விடுதியை மூடியபோது, அதே வளாகத்தில் இருந்த ஆராய்ச்சிக் கட்டடத்தில் அவருக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள். அங்கே மனிதர்களிடமிருந்து எடுத்த செல்களைத் தட்டுகளில் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். குழிக்குள் செல்கள். அவற்றுக்கு வேளை தவறாமல் பழைய சத்துநீரை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும்.

"அதாவது பந்தி," என்றார் அவர்.

"அதேதான் அண்ணே," என்றாள் அந்த ஆய்வகத்தில் பட்டத்துக்காக வேலை செய்துகொண்டிருந்த ஆராய்ச்சிப் பெண். அவளுக்கு முப்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு நாள் முழுவதும் தேடுகிறவள். மற்றபடி படு கெட்டிக்காரி.

அவள் வளர்த்தது மூச்சுக்குழலைச் சுற்றியிருக்கும் தசையின் செல்கள். இதைக் கேட்டதும் பந்திக்காரருக்குக் காது நிமிர்ந்தது.

"அந்தத் தசைதானே மேடம் இறுகுது?"

"இறுகறது மட்டும் இல்லண்ணே. அதுவே கூப்பாடும் போடும். ஏதாவது ஆபத்துன்னு சேதி வந்தா, இந்தச் செல் ஒரு ரசாயனத்தை வெளிய விடும். ரத்தத்துல இருக்குற காவல்காரங்கள்லாம் அதைக் கேட்டு ஓடி வந்து கூடிடுவாங்க. கூட்டம் கூடினா வீக்கம், சளி, திணறல்."

"பழுப்பு பம்பு?"

"அதுல இருக்குறது ஸ்டீராய்டு. அது அந்தக் கூப்பாட்டை அடக்கும். எப்படி அடக்குதுன்னுதான் நான் பாக்குறேன். கூப்பாடு ஜாஸ்தியா இருந்தா கடைசியில குழி எலுமிச்சை மாதிரி மஞ்சளாகும். அடங்கிட்டா வெறும் தண்ணி மாதிரி இருக்கும்."

பந்திக்காரர் அன்று வேலை முடிந்ததும் படிக்கட்டை இரண்டிரண்டாகத் தாண்டி வீட்டுக்கு ஓடினார். விஷயத்தைக் கேட்ட அம்மாள் யோசித்தார்.

"சரி. உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது, சொன்னா காது சிவந்துடும். நீங்களே கண்ணால பாருங்க. மருந்து போட்ட குழிக்கும் போடாத குழிக்கும் வித்தியாசம் இருக்குன்னு வந்து சொன்னீங்கன்னா இழுக்குறேன். இல்லன்னா அதை என் கண்ணுல..." இங்கே பதினொரு விநாடி முடிந்தது. நீல பம்பைத் தேடினார்.

ஆக, மூன்றாம் மாடியின் பழைய சத்தம் திரும்புமா இல்லையா என்பது ஒரு தட்டின் நிறத்தில் வந்து நின்றது.

அந்தச் சோதனைக்கு ஒரு முறை உண்டு. தொடங்குமுன் செல்களை ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட வேண்டும். சத்தெல்லாம் நீக்கிய வெறும் நீரில் கிடந்தால்தான் எல்லாச் செல்லும் ஒரே நிலைக்கு வரும். மறுநாள் பாதிக் குழிகளுக்கு ஸ்டீராய்டு. சற்றுப் பொறுத்து எல்லாக் குழிகளுக்கும் ஆபத்துச் சேதி சொல்லும் பொருள். அதற்கு மறுநாள் மஞ்சளா, தண்ணீரா என்று பார்ப்பது.

பட்டினி நாளன்று பந்திக்காரர் மைக்ரோஸ்கோப்பில் எட்டிப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. தசைச் செல்கள் நீள நீளமாக, ஒட்டிப்போய், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. விடுமுறையில் உணவுக்கூடம் பூட்டிக் கிடந்த அன்று வந்து நின்ற பிள்ளைகளின் முகம் அவருக்கு ஞாபகம் வந்தது. செல்களை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டியின் கீழ் அடுக்கில் வேறோர் ஆராய்ச்சிக்காரருடைய செல்கள் இருந்தன. மூச்சுக்குழலின் உள்பக்கம் விரித்த பாய் போல இருக்கும் செல்கள். அவற்றுக்கு உயர்ந்த சாப்பாடு, பதினேழு சரக்கு போட்டது. அன்று அவற்றுக்குப் பரிமாறியதில் குழாயின் அடியில் கொஞ்சம் மீந்திருந்தது. கொட்டிவிட வேண்டும் என்பது விதி.

கீழ் வீட்டில் விருந்து. மேல் வீட்டில் பட்டினி. கையில் மீந்த சாப்பாடு. இருபத்தாறு வருஷக் கை. அந்தக் கை யாரையும் கேட்கவில்லை. குழிக்கு இரண்டு சொட்டு. ஒரு குழிக்குக் கூடவில்லை, ஒரு குழிக்குக் குறையவில்லை. தொண்ணூற்றாறு குழி, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு சொட்டு.

இரண்டாம் நாள் முடிவு வந்தது. ஆராய்ச்சிப் பெண் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எல்லாக் குழியும் தண்ணீர். மருந்து போட்டதும் தண்ணீர், போடாததும் தண்ணீர். எந்தச் செல்லும் கூப்பாடே போடவில்லை.

"ஆபத்துச் சேதி கெட்டுப்போச்சோ?" என்றாள்.

புதுசு வாங்கினாள். மறுபடி பட்டினி. மறுபடி அவர் எட்டிப் பார்த்தார். மறுபடி இரண்டு சொட்டு. மறுபடி தண்ணீர். மூன்றாவது தடவை அவளே ராப்பகலாகப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சரிபார்த்தாள், சாப்பிடப் போன அரை மணி நேரம் தவிர. அந்த அரை மணி நேரம் போதுமாயிருந்தது.

ஓரவஞ்சனையாகப் பரிமாறுகிறவராக இருந்திருந்தால் முதல் நாளே மாட்டியிருப்பார். ஒரு குழி மஞ்சள், ஒரு குழி தண்ணீர் என்று கணக்கு உளறியிருக்கும். அவருடைய நேர்மைதான் தப்பை மூடியது.

ஒவ்வொரு தடவையும் வீட்டில் மனைவி கேட்டார், "வித்தியாசம் இருக்கா?"

"இல்லை," என்றார் பந்திக்காரர். காது சிவக்கவில்லை. அதுதான் கொடுமை.

மூன்றாவது 'இல்லை'க்குப் பிறகு அம்மாள் பழுப்பு பம்பை எடுத்து, பழைய பொத்தான்கள் கிடக்கும் டப்பாவில் போட்டு மூடினார். அன்று மாடி ஏறி வர அவருக்கு நான்கு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. இரண்டாம் மாடியில் நின்றபோது கடிகாரக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"அண்ணி, என்னையாவது நாலு வார்த்தை திட்டிட்டுப் போங்களேன்," என்றார். "கடிகாரமெல்லாம் சும்மா ஓடுது."

"முதல்ல... ஷேவ் பண்ணுங்க," என்றார் அம்மாள். அவ்வளவுதான் முடிந்தது.

மறுநாள் ஆய்வகத்தில் ஆராய்ச்சிப் பெண் தரையில் உட்கார்ந்து, அறையில் இருந்த ஒவ்வொரு புட்டியின் சீட்டையும் உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். எங்கிருந்தாவது ஏதாவது கலந்ததா என்று தேடல். பந்திக்காரர் இன்குபேட்டரின் அடித்தட்டுக்குத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். கீழ் வீட்டுக்காரர்களின் சாப்பாட்டுப் புட்டி வந்தது. ஒன்று, இரண்டு என்று சரக்குகளைப் படித்தாள். பதினாலாவது, ஹைட்ரோகார்ட்டிசோன்.

"இதுவும் ஸ்டீராய்டுதான், பழுப்பு பம்போட ஒண்ணுவிட்ட அண்ணன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "ஆனா இதுக்கும் நம்ம தட்டுக்கும் என்ன சம்பந்தம்? நாமதான் பட்டினி போடுறோமே."

படாரென்று ஒரு சத்தம். இருபத்தாறு வருஷத்தில் ஒரு சொட்டுச் சிந்தாத கையிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தரையில் விழுந்திருந்தது.

"மேடம்," என்றார் பந்திக்காரர். "ஒரு பாவம் பண்ணிட்டேன்."

"என்னண்ணே?"

"பசியோட இருந்தாங்க. ரெண்டே ரெண்டு சொட்டு. எல்லாருக்கும் சமமாத்தான்."

அவள் அவரைப் பார்த்தாள். புட்டியைப் பார்த்தாள். பிறகு மூன்று தட்டுகளின் படத்தையும் பார்த்தாள். பந்திக்காரர் வேலை போனதாகவே முடிவு செய்து, சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டார். அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று நினைத்தார். அவள் ஈரத் தரையிலேயே சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, மூணு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல. நீங்க விருந்து போட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க."

"வேற ஆள் பாத்துக்குங்க மேடம்."

"எதுக்கு? தொண்ணூத்தாறு குழியிலயும் ஒரே அளவு. அளந்து சொட்டு விடுற என் பிப்பெட்லகூட அப்படி விழாது. நீங்க எங்கயும் போக வேணாம். ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. உங்க ரெண்டு சொட்டுல எவ்வளவு ஸ்டீராய்டு இருந்திருக்கும்? கடுகுல கால்வாசிகூட இருக்காது. அது முழுத் தட்டோட வாயையும் அடைச்சிருக்கு."

பந்திக்காரர் தரையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "அப்ப எங்க வீட்டுல இழுத்தப்ப ஏன் ஒண்ணும் தெரியல?"

அவள் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். "உங்க உணவுக்கூடம் மாதிரி நினைச்சுக்குங்க. வாசல்ல ஒருத்தன் ஆபத்துன்னு மணி அடிக்கிறான். உடனே ஒரு ஆள் சமையல்கட்டுக்குள்ள ஓடி, சமையல் குறிப்பு நோட்டுல ஒரு பக்கத்தைத் திறக்குறான். அந்தப் பக்கத்தைப் பாத்து சீட்டு எழுதுவாங்க. சீட்டைப் பாத்துக் கூப்பாட்டைச் சமைப்பாங்க. சரியா?"

"சரி."

"நீல பம்பு என்ன பண்ணும்னா, வாசல்ல இறுகிப்போன கதவை ஒரு தள்ளு தள்ளித் திறந்துவிடும். உடனே தெரியும். ஆனா உள்ள சமையல் நடந்துக்கிட்டே இருக்கும். ஸ்டீராய்டு கதவைத் தட்டாது. எண்ணெய்க்கார உடம்பு, சுவர் வழியாவே உள்ள நுழைஞ்சிடும். உள்ள அதுக்குன்னு ஒரு ஜோடி காத்துக்கிட்டு இருக்கும். ரெண்டும் கை கோத்துக்கிட்டுச் சமையல்கட்டுக்குப் போயி, நோட்டைத் திறந்த ஆள் பக்கத்துல உக்காந்து, மெதுவா பக்கத்தை மூடிடும். அதோட இன்னொரு பக்கத்தைத் திறந்து, ஏற்கெனவே எழுதின சீட்டையெல்லாம் கிழிக்கிறதுக்கு ஆள் போடும்."

"சண்டையே போடாதா?"

"சத்தமே வராது. கத்துறவன் வாயைப் பொத்துறது இல்ல அதோட வேலை. கத்தச் சொல்லி எழுதுற கையைப் பிடிக்கிறது. அதுக்கு நேரம் ஆகும். தினமும் போகணும். ரெண்டு நாள் போயிட்டு நின்னா நோட்டை மறுபடி திறந்துடுவாங்க."

பந்திக்காரர் துணியைப் பிழிந்தார். சத்தமே போடாமல் உள்ளே உட்கார்ந்து வேலை செய்யும் ஒன்றை இத்தனை நாள் பொத்தான் டப்பாவில் வைத்திருந்தோமே என்று அவருக்கு அதன்மேல் ஒரு சகோதர பாசம் வந்தது.

நான்காம் தடவை பட்டினி போட்ட அன்று இன்குபேட்டர் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'பட்டினி நடக்கிறது. இரக்கம் காட்ட வேண்டாம்.' பந்திக்காரர் காட்டவில்லை. ஆனால் பந்தியில் உட்கார்ந்தவன் வெறும் இலையோடு இருக்கும்போது பரிமாறுகிறவன் சாப்பிடுவதா? அவரும் அன்று பச்சைத் தண்ணீரோடு இருந்தார். சாயங்காலம் வீடு திரும்பியபோது கீழ்ப்படியில் மனைவி காய்கறிப் பையோடு ஏறத் தயாராக நின்றார்.

"ஏன் முகம் இப்படி வாடிக் கிடக்கு? மத்தியானம் சாப்பிடலையா?"

பந்திக்காரர் ஒன்று விடாமல் சொன்னார். பட்டினி, மீந்த சாப்பாடு, இரண்டு சொட்டு, மூன்று 'இல்லை'. அம்மாளின் கண் விரிந்தது. மூச்சை இழுத்தார், கிடைத்த மட்டும்.

"அப்ப மூணு வாரமா என்னை மாடிப்படியில உக்கார வெச்சது நீங்கதானா, இருபத்தாறு வருஷம் பரிமாறின மனுஷனுக்குப் பாத்திரம் அறிஞ்சு பரிமாறணும்னு ஒரு..."

பதினொன்று. முதல் மாடிக்கே வரவில்லை. நீல பம்பை இழுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தபடி, விரலை மட்டும் நீட்டி ஆட்டினார். மூச்சு வந்ததும் சொன்னார்: "மீதி இருக்கு. 'ஒரு'ல நிக்குது. ஞாபகம் வெச்சுக்குங்க."

இரண்டு நாள் கழித்து, பகல் வெளிச்சத்தில் ஆராய்ச்சிப் பெண் தட்டைத் தூக்கினாள். பந்திக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாருங்கண்ணே."

தட்டின் ஒரு பாதி எலுமிச்சைத் தோட்டம். மறு பாதி மழைத்தண்ணீர். நடுவில் ஆட்சியர் கோடு கிழித்த மாதிரி எல்லை. அவள் சந்தோஷத்தில் மூக்குக் கண்ணாடியைத் தேடினாள். அது தலையில் இருந்தது. பந்திக்காரர் கைபேசியில் ஆறு படம் எடுத்தார். பிறகு பட்டினி கிடந்தவர்கள் அனைவருக்கும், மேடத்தின் அனுமதியோடு, முறையான சாப்பாடு பரிமாறினார். சோதனை முடிந்த செல்களுக்கு அது தேவையே இல்லை என்பதை அவள் சொல்லவில்லை.

வீட்டில் அம்மாள் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த மஞ்சள்தான் என் நெஞ்சுக்குள்ள நடக்குறதா?"

"அதேதான்."

"இந்தத் தண்ணி?"

"அது பழுப்பு. வித்தியாசம் இருக்கு."

அம்மாள் அவர் காதை இரண்டு பக்கமும் சோதித்தார். சிவப்பு இல்லை. பொத்தான் டப்பாவைத் திறந்தார்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாளும் தெரியவில்லை. "நோட்டை மூடிக்கிட்டு இருக்கும்," என்றார் பந்திக்காரர். முதல் வாரம் முடிவில் அம்மாள் மாடி ஏற இரண்டு இடத்தில்தான் நின்றார். இரண்டாம் வாரம் இரவெல்லாம் குறட்டை விட்டார். பந்திக்காரர் விழித்திருந்து ரசித்தார். மூன்றாம் வாரம் நீல பம்பு கைப்பையின் அடியில் எங்கே போனது என்றே தெரியவில்லை. அவசரத்துக்கு வேண்டுமே என்று அதைத் தேடி எடுத்து மேலாக வைத்தார்கள்.

நான்காம் வாரம் ஒரு சாயங்காலம். இருவரும் கடையிலிருந்து திரும்பினார்கள். கீழ்ப்படியில் கால் வைத்ததும் அம்மாள் நின்றார். பையைக் கணவர் கையில் கொடுத்தார். மூச்சை இழுத்தார். அது போய்க்கொண்டே இருந்தது.

"எங்க விட்டேன்? ஆங், ஒரு," என்று தொடங்கினார். "ஒரு இங்கிதம் வேணாமா, கேட்டாங்களா அவங்க, பசிக்குதுன்னு வாயைத் திறந்து உங்ககிட்ட கேட்டாங்களா, வாயே இல்லாத ஜீவனுக்கு ஊட்டிவிட்டுட்டு, வாய் இருக்குற என்னை மூணு வாரம் கைப்பிடிச் சுவரைக் கட்டிப்பிடிக்க வெச்சீங்களே, அந்தப் பொண்ணு படிச்ச படிப்பைத் தண்ணியில கரைச்சீங்களே, கல்யாணத்தன்னிக்கே எங்க அப்பா சொன்னாரு, மாப்பிள்ளைக்குக் கை பெருசு மூளை சைஸு தெரியலன்னு, நான்தான் கை பெருசா இருந்தா மனசும் பெருசா இருக்கும்னு..."

முதல் மாடி போயிற்று. இரண்டாம் மாடியில் கடிகாரக்காரர் இரண்டு கையிலும் இரண்டு கடிகாரத்தோடு கதவைத் திறந்து நின்றார். ஷேவ் செய்திருந்தார். திட்டு அவரைத் தாண்டிப் போனது. அவரும் பின்னால் ஏறினார். மூன்றாம் மாடி வந்தது. பந்திக்காரர் சாவியை எடுத்தார். ஆனால் வாக்கியம் முடியவில்லை. முடியாத வாக்கியத்தோடு வீட்டுக்குள் நுழைவது அம்மாளின் வழக்கம் இல்லை. தன் வீட்டுக் கதவைத் தாண்டி அவர் ஏறிக்கொண்டே போனார். பையைத் தூக்கிக்கொண்டு பந்திக்காரர் பின்னால், கடிகாரங்கள் அவருக்குப் பின்னால். நான்காம் மாடிக்காரர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். கடைசியில் மொட்டைமாடிக் கதவைத் தள்ளித் திறந்து, காய்ந்துகொண்டிருந்த துணிகளுக்கு நடுவில், வானத்தைப் பார்த்தபடி, அந்த வாக்கியத்துக்கு அம்மாள் முற்றுப்புள்ளி வைத்தார்.

"...மரமண்டை."

கொடியில் ஒரு சட்டை ஆடி நின்றது.

"நூத்து முப்பத்தெட்டு," என்றார் கடிகாரக்காரர். அவருக்கே மூச்சு வாங்கியது. "ரெண்டு கடிகாரமும் ஒத்துப்போகுது அண்ணி."

பந்திக்காரர் பையைக் கீழே வைத்தார். முகமெல்லாம் பல்லாக இருந்தது. மாதங்கள் கழித்து ஒரு சண்டையில் சுத்தமாகத் தோற்றிருந்தார்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

அம்மாள் கொடியில் புடவைகளை ஆட்டும் காற்றில் நன்றாக ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இறங்குறப்ப பாத்துக்கலாம்," என்றார்.